சமையலறைக்கு எது, துணி அலமாரிக்கு எது? 303, 710 பிளைவுட், பிளாக் போர்டு பற்றிக் கொஞ்சம் விளக்குங்கள்

வயல்வெளி (தஞ்சாவூர்):

வணக்கம். வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. போன மாதம் உள்பூச்சு முடிந்தது, அடுத்து மர வேலை. சமையலறைக் கீழ் அலமாரிகள், இரண்டு படுக்கையறைகளிலும் தரையிலிருந்து பரண் வரை துணி அலமாரி, ஒரு புத்தக அலமாரி, டிவி யூனிட், பூஜை அறைக் கதவு. இவ்வளவுதான்.

ஆசாரி "எல்லாத்துக்கும் 710 மெரைன் போட்டுடலாம், பிரச்சினையே இல்லை" என்கிறார். கடையில் "படுக்கையறைக்கு எதுக்கு மெரைன், 303 கமர்ஷியல் போதும்" என்கிறார்கள். என் சித்தப்பா துணி அலமாரிக் கதவுக்கு பிளைவுட்டே ஆகாது, பிளாக் போர்டு (நடுவில் மரக்கட்டை வைத்த பலகை) போடு என்கிறார். மூவரும் விவரம் தெரிந்தவர்கள்தான். காரணத்தோடு யாராவது சொன்னால் முடிவெடுக்க வசதியாக இருக்கும். கான்டிராக்டர் வேறு, கான்கிரீட் வார்ப்புக்குப் போட்டு மீந்துபோன சென்ட்ரிங் ஷீட்டைப் பரண் தட்டுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார்.

உளிச்சத்தம் (காரைக்குடி):

தம்பி, மூவர் சொன்னதிலும் பாதி சரி இருக்கிறது. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பிளைவுட்டின் தரம் என்று நாம் பேசுவது பெரும்பாலும் பசையின் தரத்தைத்தான். மரத்தை மெல்லிய வெனீராகச் சீவி, ஒன்றின் நார் நெடுக்காகவும் அடுத்ததன் நார் குறுக்காகவும் வரும்படி அடுக்கி, பசை தடவிச் சூட்டில் அழுத்துகிறார்கள். நார் மாறி மாறி வருவதால்தான் ஒற்றை மரப்பலகை போல மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்குவதில்லை. ஆனால் பசை விட்டுவிட்டால் உள்ளே எவ்வளவு நல்ல மரம் இருந்தும் பயனில்லை.

எம்.ஆர். (ஈரம் தாங்கும்) தரத்துக்கு யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரத்துக்கு பீனால் அல்லது மெலமைன் சேர்ந்த பசை. பி.டபிள்யூ.பி. (கொதிநீரிலும் பிரியாத) தரத்தில் வருவதுதான் ஐ.எஸ். 710, மெரைன். ஐ.எஸ். என்றால் இந்தியத் தர எண். சோதனையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். எம்.ஆர். பலகையை 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் வைப்பார்கள். பி.டபிள்யூ.ஆர். கொதிநீரில் 8 மணி நேரம். 710 என்றால் கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்கு பிரியக் கூடாது.

கடைக்காரர் "303" என்று மட்டும் சொன்னால் அது பாதித் தகவல். ஐ.எஸ். 303-க்குள்ளேயே எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். இரண்டும் வருகின்றன. எது என்று கேளுங்கள், பலகையின் முத்திரையிலும் பாருங்கள். கமர்ஷியல் என்று கடையில் எடுத்துப் போடுவது பெரும்பாலும் எம்.ஆர்.

சமையலறைக் கீழ் அலமாரிக்கு 710. அதில் யோசனையே வேண்டாம். டிவி யூனிட்டுக்கு எம்.ஆர். தாராளமாகப் போதும். துணி அலமாரிக்கு முன்னால் ஒரு கேள்வி: அது எந்தச் சுவரில் வருகிறது?

வயல்வெளி:

> அது எந்தச் சுவரில் வருகிறது?

ஒரு அறையில் நடுச்சுவர். இன்னொன்றில் குளியலறைச் சுவரின் மறுபக்கம்.

உளிச்சத்தம்:

அதற்குத்தான் கேட்டேன். நடுச்சுவர் அலமாரிக்கு 303 எம்.ஆர். போட்டுக்கொள்ளுங்கள். குளியலறைச் சுவரில் வரும் அலமாரிக்குப் பின்பலகை, அடிப்பலகை, அந்தச் சுவரை ஒட்டிய பக்கப்பலகை மூன்றும் 710-ல் இருக்கட்டும். உள்தட்டுகள் எம்.ஆர். ஆகவே இருக்கலாம். ஒரே அலமாரிக்குள் இரண்டு தரம் போடுவதில் தவறே இல்லை. ஆசாரிகள் அதைத் தவிர்ப்பது வெட்டும்போது பலகை கலந்துவிடும் என்பதால்தான். 710 பலகைகளின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் கலக்காது.

இன்னொன்று. பூச்சு முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். சுவர் உள்ளுக்குள் இன்னும் ஈரம் விட்டுக்கொண்டிருக்கும். இப்போதே பின்பலகையைச் சுவரோடு சேர்த்து அடித்தால் எந்தத் தரமாக இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். மின்வேலை, தரை வேலையை முதலில் முடித்துச் சுவரைக் காயவிடுங்கள். பின்பலகையின் சுவர்ப்பக்கத்துக்கு பிரைமர் அடித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் சின்ன இடைவெளி விடச் சொல்லுங்கள்.

ஏரிக்கரைவாசி (சென்னை, பள்ளிக்கரணை):

தண்ணீர் பற்றிப் பேசுவதால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பார்த்தது இது.

கடையில் ஆயத்தமாக வாங்கிய பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) கட்டிலும் ஷூ ரேக்கும் ரொட்டி மாதிரி ஊதி, தூக்கினால் கையோடு வந்தன. கணினி மேசை எம்.டி.எஃப்., அதாவது மர நாரை அழுத்திச் செய்த பலகை; கால்கள் அடியில் தடித்துப்போய் மைக்கா பிளந்துவிட்டது. படுக்கையறை அலமாரி எம்.ஆர். பிளைவுட், தண்ணீர் நின்ற உயரம் வரை அடுக்கு அடுக்காக வாய் பிளந்தது, அதற்கு மேலே ஒன்றும் ஆகவில்லை. சமையலறை 710-ல் செய்தது. கழுவிக் காயவைத்து இன்றைக்கும் அதையே பயன்படுத்துகிறோம். கீல்களும் டிராயர் சேனல்களும் துருப்பிடித்ததால் அவற்றை மட்டும் மாற்றினோம்.

தஞ்சாவூரில் வீட்டுக்குள் வெள்ளம் வருமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. ஆனால் தரைத்தளமாக இருந்தால் எல்லா அலமாரிக்கும் தரையைத் தொடும் கீழ்ப்பகுதியை 710-ல் செய்யுங்கள். வீடு துடைக்கும் ஈரமே வருடக்கணக்கில் அங்கேதான் ஏறுகிறது.

மரக்கடை (மதுரை):

நான் கடை வைத்திருக்கிறேன், என் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். உளிச்சத்தம் அண்ணன் பசையைச் சொல்லிவிட்டார். நான் உள்மரத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் திருகாணி பிடிப்பது பசையில் இல்லை, மரத்தில்.

தென்னாட்டில் புழங்கும் சரக்கில் பெரும்பங்கு இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தை வைத்துச் செய்வது, ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லர், தைலமரம் வைத்துச் செய்வது. ஒரு காலத்தில் பிளைவுட் ஆலைகள் அஸ்ஸாமிலும் வடகிழக்கிலும்தான் அதிகம். இந்தத் தொழிலே அங்கே தேயிலைப் பெட்டிக்காகத் தொடங்கியதுதான். 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டுமரம் வெட்டுவதற்குக் கடுமையான தடை போட்ட பிறகு, விவசாயி நிலத்தில் வளர்க்கும் மரம் கிடைக்கும் யமுனாநகர் பெரிதாக வளர்ந்தது. அந்த வழக்கு நம் நீலகிரி மாவட்டக் கூடலூர்க் காடுகளைக் காப்பாற்றப் போட்ட வழக்கு என்பது இத்தொழிலில் இருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

பாப்லர் மென்மையான மரம். எடை குறைவு, திருகாணிப் பிடிப்பும் குறைவு. தைலமரம் கனம், பிடிப்பு அதிகம், ஆனால் சரியாக உலர்த்தாமல் அழுத்தினால் பலகை வளையும். ரப்பர் மரம் நல்ல பிடிப்பு. மருந்தேற்றாமல் விட்டால் உளுத்து மாவாகக் கொட்டும். பாப்லரையும் தைலமரத்தையும் மாற்றி மாற்றி அடுக்குவதும் உண்டு. 18 மி.மீ., 8க்கு 4 ஷீட்டைத் தூக்கிப் பாருங்கள். முழு பாப்லர் என்றால் 30 கிலோ அளவில் இருக்கும். கன மரம் என்றால் 40 கிலோவை நெருங்கும்.

அப்புறம் கர்ஜன். மேல்முகம் கர்ஜன் வெனீர் என்று சொல்லி விற்பது இன்னும் நடக்கிறது. அது மியான்மரிலிருந்து வந்த மரம். 2014 ஏப்ரலில் அந்த நாடு உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அதன் பிறகு சந்தையில் சிவப்பாகத் தெரியும் முகமெல்லாம் கர்ஜன் இல்லை. நீங்கள் எப்படியும் மேலே மைக்கா ஒட்டப் போகிறீர்கள். முகத்தின் நிறத்துக்குக் காசு கொடுக்காமல் ஓரத்தைப் பாருங்கள். நல்ல 18 மி.மீ. பலகையில் 11 அல்லது 13 அடுக்கு, எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனில், நடுவில் பொந்து இல்லாமல் இருக்க வேண்டும். ஓரத்தில் மரத்தூள் பசை வைத்துப் பொந்தை அடைத்திருப்பார்கள், நகத்தால் கீறினால் தெரியும். பலகை முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கே உள்ளே காலி.

வயல்வெளி:

அண்ணே, மிக்க நன்றி. கடையில் காட்டிய ஒரு பலகையில் "710 கிரேடு" என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, ஆனால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. அதை நம்பலாமா?

மரக்கடை:

வேண்டாம். முத்திரையோடு ஐ.எஸ். எண்ணும், சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த ஆலை, எந்தப் பொருளுக்கு உரிமம், இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ஒரே ஆலைக்கு 303 உரிமம் இருந்து 710 உரிமம் இல்லாமலும் இருக்கலாம், அதனால் எந்த எண்ணுக்கான உரிமம் என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் தரம், தடிமன், ஆலையின் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "பிளைவுட் 20 எண்ணம்" என்று எழுதிய பில் பிறகு எதற்கும் உதவாது.

வீட்டிலும் பார்க்கலாம். கடையில் வெட்டுத்துண்டு வாங்கி, அதை மூன்று விரல் அகலமாக அறுத்து, பழைய பாத்திரத்தில் முழுக நீர் விட்டு ஒரு பகல் முழுக்க கொதிக்க விடுங்கள். எம்.ஆர். பசை என்றால் மாலைக்குள் உளி நுனியிலேயே அடுக்கு கழன்றுவிடும். பீனால் பசையின் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும் என்பார்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். பசையில் சாயம் கலக்கிறார்கள்.

கம்பிகட்டு (திருச்சி, சிவில்):

சென்ட்ரிங் ஷீட் விஷயத்தை யாரும் தொடவில்லை. கான்கிரீட் வார்ப்புக்கான பலகைக்குத் தனி தரம் இருக்கிறது, ஐ.எஸ். 4990. பசை பீனால்தான், தண்ணீருக்கு அசையாது. அதனால்தான் "அருமையான பலகை சார், எதுக்கு வீணாக்கணும்" என்று கொடுக்கிறார்கள். பழுப்பு நிறப் படலம் ஒட்டிய ஷீட் என்றால் அந்தப் படலத்தின் வேலையே எதுவும் ஒட்டாமல் பார்ப்பது. அதன் மேல் மைக்காவும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. கூடவே வார்ப்பு எண்ணெய் ஊறியிருக்கும், ஆணித் துளை, கம்பிக்காகப் போட்ட ஓட்டை, நான்கைந்து வார்ப்பில் ஓரம் நைந்திருக்கும். மொட்டை மாடிக் கொட்டகைக்கோ, தண்ணீர்த் தொட்டி மேடைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். துணி வைக்கும் பரணுக்கு வேண்டாம், வாடையே போகாது.

தஞ்சைப் பகுதியில் கரையான் அதிகம், அடித்தளத்துக்கு மருந்து அடித்தீர்களா? 710-ல் வெனீருக்கே மருந்தேற்ற வேண்டும் என்பது தர விதி. ஆனால் கரையான் மண்ணிலிருந்து சுவர் வழியாக வருவது, பலகையை மட்டும் நம்பக் கூடாது.

வயல்வெளி:

மருந்து அடித்தாயிற்று அக்கா, தரை போடும் முன்பே. சென்ட்ரிங் ஷீட் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுகிறேன்.

வள்ளக்காரன் (முட்டம், கன்னியாகுமரி):

"மெரைன்" பலகை கடலில் உண்மையில் எப்படி உழைக்கிறது என்று பார்த்து வளர்ந்தவன், அதனால் எழுதுகிறேன். 1980-களில் எங்கள் ஊர்ப் படகுத்துறையில் பிளைவுட் வள்ளம் செய்யத் தொடங்கினார்கள். குடைந்து செய்யும் வள்ளத்துக்குப் பெரிய மரம் கிடைப்பது அரிதாகி, கிடைத்தாலும் விலை கட்டாமல் போன காலம். மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் அதை எடுத்து நடத்தியது. பலகையை அளவாக வெட்டி, ஓரங்களைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் ரெசினும் கண்ணாடி இழையும் போட்டு ஒட்டுவார்கள். அலையில் மோதி, மணலில் இழுபட்டு அந்த வள்ளங்கள் வருடக்கணக்கில் ஓடின. பிற்பாடு முழு ஃபைபர் படகுகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அந்த வள்ளங்கள் கெட்டது பெரும்பாலும் பலகையின் நடுவில் இல்லை. பூச்சு விரிசல் விட்ட ஓரத்தில், மழைத்தண்ணீர் தேங்கிய மூலையில்தான் மக்கத் தொடங்கும். உப்புத் தண்ணீரை விட நல்ல தண்ணீர்தான் மரத்தை மக்க வைக்கும். 72 மணி நேரச் சோதனை பசைக்குத்தான். மரம் மக்குமா என்பதை அது சொல்லாது. அதனால் 710 வாங்கிவிட்டோம் என்று ஓரத்தை வெறுமையாக விடாதீர்கள். சிங்குக்குக் கீழே குழாய் போகும் ஓட்டை, அடுப்புக்குக் கீழே சிலிண்டர் குழாய்க்குப் போடும் ஓட்டை, அடிப்பலகையின் கீழ் ஓரம், கீல் குழி, எல்லாவற்றிலும் வெட்டிய உடனே சீலர் அல்லது பிரைமர் இரண்டு கை பூசச் சொல்லுங்கள். வெட்டுமுகத்தில் நாரின் வாய் திறந்திருக்கும், தண்ணீர் அங்கேதான் குடிக்கும்.

உளிச்சத்தம்:

வள்ளக்காரர் சொன்னதை நூறு சதவீதம் ஆமோதிக்கிறேன். சிங்குக்குக் கீழே நான் வேறு வழியும் சொல்வேன். அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கடப்பா கல் தடுப்பு வைத்து, கதவை மட்டும் 710-ல் செய்துவிடலாம். பழைய முறைதான், குழாய் கசிந்தாலும் கவலை இல்லை.

இழைப்புளி (கோவை, இன்டீரியர்):

துணி அலமாரிக் கதவைப் பற்றிச் சித்தப்பா சொன்னது சரி. 7 அடி உயரக் கதவை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தால் வருடத்துக்குள் வில்லாக வளையும். பிளாக் போர்டில் நடுவில் மரக்கட்டைகள் நெடுக்காகப் போகின்றன, அதனால் நேராக நிற்கும். எடையும் குறைவு, கீலுக்குப் பாரம் இல்லை. பைன் கட்டை போட்டதாக வாங்குங்கள்.

உளிச்சத்தம்:

> வருடத்துக்குள் வில்லாக வளையும்

இதை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. பிளைவுட் கதவு வளைவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டுவது. வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளே வெறும் பெயின்ட் என்றால், ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது, கதவு இழுக்கத்தான் செய்யும். உள்பக்கமும் 0.8 மி.மீ. லைனர் (உள்முகத்துக்கான மெல்லிய மைக்கா) ஒட்டினால் பிளைவுட்டும் நிற்கும். அதே சமயம், மலிவு பிளாக் போர்டில் கட்டைக்குக் கட்டை இடைவெளி இருக்கும். கீல் திருகாணி அந்த இடைவெளியில் இறங்கினால் கதவு தொங்கும்.

இழைப்புளி:

இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும் என்பது சரி, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனாலும் 6 அடிக்கு மேல் போகும் கதவுக்கு என் கை பிளாக் போர்டுக்குத்தான் போகும். கீல் பக்கம் விளிம்பில் திடமான மரப் பட்டை வரும்படி வெட்டினால் திருகாணிப் பிரச்சினை இல்லை. பிளாக் போர்டின் தரம் ஐ.எஸ். 1659, அதிலும் எம்.ஆர்., பி.டபிள்யூ.பி. இரண்டும் உண்டு, கேட்டு வாங்குங்கள். தரையிலிருந்து பரண் வரை ஒரே கதவாகப் போடாமல், கீழே ஒன்று மேலே ஒன்று என்று பிரித்தால் இந்த விவாதமே தேவைப்படாது, கீழ்க்கதவை நல்ல பிளைவுட்டிலேயே செய்துகொள்ளலாம்.

புத்தக அலமாரியையும் கவனியுங்கள். ஒரு அடி நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் பத்து கிலோ அளவில் வரும். தட்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அடிக்கு அதே பாரம் என்றாலும் தொய்வு 16 மடங்கு ஆகும். 3 அடித் தட்டை 4 அடியாக்கினாலே மூன்று மடங்குக்கு மேல். 18 மி.மீ.க்குப் பதில் 25 போட்டால் தொய்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதனால் தட்டு நீளம் இரண்டரை அடிக்குள் இருக்கட்டும். மேல்முகத்து நார் 8 அடிப் பக்கமாக ஓடும், தட்டின் நீளமும் அதே திசையில் வரும்படி வெட்டச் சொல்லுங்கள். ஷீட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வெட்டினால் தொய்யும்.

புதுக்குடித்தனம் (சேலம்):

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போட்டால் கரையான், தண்ணீர் எதுவும் இல்லையே, முழு வீட்டுக்கும் அதையே போடலாமா?

இழைப்புளி:

குளியலறைக் கதவுச் சட்டம், சிங்கு அடி, வாஷ்பேசின் பெட்டி, இவற்றுக்கு அருமை. நீளத் தட்டுகளுக்கு வேண்டாம், தொய்யும். ஒருமுறை கழற்றிய திருகாணி மறுபடி அதே துளையில் நன்றாகப் பிடிக்காது. அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், சூட்டுக்கு இளகும்.

இளந்தளிர் (புதுச்சேரி):

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஃபார்மால்டிஹைடு பற்றியும் யோசியுங்கள். புதிய அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறதே, அதுதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. யூரியா பசையில் வெளியேற்றம் அதிகம், பீனால் பசையில் குறைவு. அடைத்த அறையில், குழந்தை தூங்கும் இடத்தில் அலமாரி முழுக்க எம்.ஆர். போடுவதாக இருந்தால் வெளியேற்றம் குறைவு என்பதற்கு ஈ1 அல்லது ஈ0 என்று குறித்த பலகை கேளுங்கள். வெட்டுமுகங்கள் எல்லாவற்றையும் மூடி ஒட்டினால் வெளியேற்றம் குறையும். வேலை முடிந்ததும் கதவுகளைத் திறந்து போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, சில வாரம் காற்றாட விட்டுக் குடிபோங்கள்.

வயல்வெளி:

எல்லோருக்கும் நன்றி. ஆசாரியோடு உட்கார்ந்து இப்படி எழுதியிருக்கிறேன்:

சமையலறைப் பெட்டிகளும் கதவுகளும் 18 மி.மீ. 710. சிங்கு அடி கடப்பா கல். குளியலறைச் சுவர் அலமாரியின் பின், அடி, ஒட்டிய பக்கம் 710. மற்றவை 303 எம்.ஆர்., ஈ1. நடுச்சுவர் அலமாரிக்கு அடிப்பலகை மட்டும் 710. துணி அலமாரிக் கதவுகளை மேல் கீழ் பிரித்தாயிற்று, கீழ்க்கதவு பிளைவுட், இரண்டு பக்கமும் மைக்கா. புத்தகத் தட்டு 25 மி.மீ., இரண்டரை அடி. பின்பலகைகளுக்கு 6 மி.மீ. பூஜை அறைக் கதவுக்கு மிஞ்சும் பிளைவுட்டையே இரண்டு சேர்த்து ஒட்டலாம் என்கிறார் ஆசாரி. சரியா?

உளிச்சத்தம்:

பின்பலகை நடுச்சுவரில் 6 போதும். குளியலறைச் சுவரில் 9 போடுங்கள், துணி தொங்கவிடும் கம்பிக்கும் உதவும். பூஜைக் கதவுக்கு ஒட்டுப் பலகை வேண்டாம். ஐ.எஸ். 2202 ஃப்ளஷ் கதவு (இரண்டு முகமும் சமதளமான கதவு) ஆயத்தமாகவே 30 மி.மீ. தடிமனில் கிடைக்கும், நேராக நிற்கும். மணி வைத்து, கடைசல் வேலையோடு வேண்டும் என்றால் தேக்கு மரத்திலேயே செய்துவிடுங்கள், ஒரே ஒரு கதவுதானே.

மரக்கடை:

சரக்கு வந்து இறங்கும்போது நீங்கள் வீட்டில் இருங்கள். ஒவ்வொரு ஷீட்டிலும் முத்திரையைப் பார்த்த பிறகே உள்ளே எடுக்கச் சொல்லுங்கள், அடுக்கின் நடுவில் வேறு தரம் கலந்து வருவது உண்டு. சுவரில் சாய்த்து நிறுத்தக் கூடாது, வளைந்துவிடும். தரையில் மூன்று கட்டை போட்டு அதன் மேல் படுக்கையாக அடுக்கி, 710 ஒரு அடுக்கு, 303 ஒரு அடுக்கு என்று தனித்தனியாக வையுங்கள். தரையில் டைல்ஸ் வேலை நடக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள்.

வயல்வெளி:

டைல்ஸ் வேலை அடுத்த வாரம் முடிகிறது அண்ணே. முடிந்து, சுவரும் காய்ந்த பிறகே சரக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஓரங்களுக்கு சீலர் இப்போதே வாங்கிவிட்டேன்.